மாங்கிளையில் குந்தியிருந்த செடி

“அப்பா, மரத்துமேல இருக்குற செடிக்கு யாரு தண்ணி ஊத்துறாங்க?”

ஜெபா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. பள்ளி வேனுக்காக இருவரும் குடியிருப்பின் வாசலில் நின்றிருந்தார்கள். பெனிட்டோ கைபேசியில் அலுவலகச் செய்தி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தான். மகள் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

பட்டாபிராமுக்கும் நெமிலிச்சேரிக்கும் நடுவில் இருக்கிற அந்தக் குடியிருப்பு, முன்பு மாந்தோப்பாக இருந்த இடம். கட்டியவர்கள் வாசலருகே ஒரே ஒரு மரத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அதன் நிழலில் நாலு வருடமாக வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தும் பெனிட்டோ அதை அண்ணாந்து பார்த்ததில்லை. மூன்றாவது மாடி உயரத்தில், கிளை பிரியும் கவட்டில், பட்டை பட்டையான இலைகளோடு ஒரு செடி உட்கார்ந்திருந்தது. இலை நுனிகள் எலி கடித்ததுபோல் இருந்தன. சுண்டுவிரல் தடிமனில் வெள்ளை வேர்கள் பட்டையைத் தழுவிக்கொண்டு இறங்கின. சில வேர்கள் எதையும் பிடிக்காமல் வெறும் காற்றில் தொங்கின.

“மழை ஊத்தும்மா.”

“மழை இல்லாதப்போ?”

அதற்குள் வேன் வந்துவிட்டது. அன்று ரயிலில் அம்பத்தூர் போகும்வரை கைபேசியில் தேடினான். மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும் காட்டு ஆர்க்கிட் அது என்று தெரிந்தது.

அடுத்த ஞாயிறு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அதைச் சொன்னான். செயலாளர் சரவணக்குமார், “புல்லுருவின்னு நினைச்சேன் சார். ஆளை விட்டுச் சுரண்டிடலாம்னு இருந்தேன்,” என்றார். கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தரும் வர்ஷா பதறி எழுந்தாள். புல்லுருவி வேறு, இது வேறு என்று கால் மணி நேரம் விளக்கினாள். இந்தப் பக்கத்தில் இருந்த மரங்களையெல்லாம் வெட்டிவிட்ட பிறகு இப்படி ஒன்று மிச்சம் இருப்பதே பெரிது என்றாள். யாரும் அதைத் தொடக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். எழுதியது துணைச் செயலாளர் பெனிட்டோ. மரத்தில் கட்டிய பலகையின் அடியில் அவன் கையெழுத்தும் இருந்தது.

பிறகு அவனுக்கே ஆசை வந்தது. ஆசை தன் முகத்தோடு வருவதில்லை, குழந்தையின் முகத்தைப் போட்டுக்கொண்டு வருகிறது. “நம்ம பால்கனில ஒண்ணு இருந்தா நானே ஊத்துவேன்லப்பா,” என்று ஜெபா ஒருமுறைதான் சொன்னாள். அவன் அதைத் தனக்குள் பலமுறை சொல்லிக்கொண்டான்.

மரம் ஏறுகிற சத்தியராஜ் அப்போதுதான் கண்ணில் பட்டார். ஆவடியிலிருந்து திருநின்றவூர் வரை தென்னைக்குக் குலை இறக்குவது, கரண்ட் கம்பியில் உரசும் கிளையைக் கழிப்பது எல்லாம் அவர்தான். நாற்பத்தைந்து வயது. உள்ளங்கால் மரப்பட்டைபோல் வெடித்திருக்கும். அவர் மனைவி ரோஸி இந்தக் குடியிருப்பில் நாலு வீட்டில் வேலை செய்தாள். காலையில் முதல் வீடு பெனிட்டோவினுடையது. ஒரே பங்குக் கோயில், ஒரே அன்பியக் குழு. மாதம் ஒருமுறை யாராவது ஒரு வீட்டில் கூடி செபம் சொல்லும்போது சத்தியராஜ் வாசல் பக்கமாக உட்கார்ந்திருப்பார். மூன்று வருடத்துக்கு முன் குடியை விட்டவர்.

சனிக்கிழமை வாசலில் வைத்து பெனிட்டோ அவரிடம் கேட்டான்.

“ஒரு துண்டு போதும் சத்தியராஜ். வேரோட எடுத்துக் குடு.”

“போர்டு போட்டுகீறாங்களே சார். நீங்கதான சைனு போட்டுகீறீங்க?”

“அது பிச்சுப் போடுறவங்களுக்கு. நாம வளர்க்கத்தானே எடுக்கிறோம்.”

சத்தியராஜ் சிரித்தார். “சரி வுடுங்க. காலைல கயிறு எடுத்துகினு வரேன்.”

“காலைல வேணாம். நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்கு வா, எல்லாரும் தூங்குவாங்க. கயிறெல்லாம் வேணாம், பார்த்தா கேள்வி கேப்பாங்க. அஞ்சு நிமிஷ வேலை. யார்கிட்டயும் சொல்லாத. ரோஸிகிட்டகூட.”

“தென்னைன்னா கயிறு வாணாம் சார். இது மாமரம். வெளிய பார்த்தா கல்லு மாறி கீது, உள்ள வண்டு கொடஞ்சிகினு இருக்கும்.” மரத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “பாப்பா ஆசப்பட்டுச்சுன்றீங்க. சரி, வரேன்.”

மறுநாள் மூன்று மணிக்கு பெனிட்டோ இரண்டாம் மாடி பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சத்தியராஜ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறுவதுபோல் ஏறினார். செடியின் பக்கத்தில் போய், வேரை நகத்தால் மெல்லக் கிளப்பிக் கிளப்பி எடுத்தார். ஒரு துண்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு காலைப் பக்கத்துக் கிளைக்கு மாற்றினார். மடக்கென்று ஒரு சத்தம். அடுத்த சத்தம் தரையில் கேட்டது.

பெனிட்டோ கீழே ஓடி வருவதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். சத்தியராஜின் ஒரு கால் இருக்கக்கூடாத பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு மூச்சு விட்டார்.

“யாருய்யா உன்னை ஏறச் சொன்னது?” என்றார் சரவணக்குமார். “போர்டு தெரியல?”

சத்தியராஜ் கூட்டத்தில் தேடி பெனிட்டோவைப் பார்த்தார். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டார்.

“குடிச்சிருப்பான் சார். பழைய ஆளுதான,” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சரவணக்குமார் பெனிட்டோ பக்கம் திரும்பினார். “உங்க வீட்டுக்கு வர்ற ரோஸியோட வீட்டுக்காரர்தானே? மறுபடி குடிக்க ஆரம்பிச்சுட்டாரா?”

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். பெனிட்டோவின் வாயிலிருந்து வந்தது வேறு.

“இருக்கும்.”

கீழே கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எதிரில் இரும்புக் கடை வைத்திருக்கும் அப்துல் ரசாக் மட்டும் எதுவும் கேட்கவில்லை. கடையிலிருந்து ஒரு பலகையைக் கொண்டு வந்து, தன் துண்டால் காலைப் பலகையோடு கட்டி, லோடு ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பெனிட்டோவும் போயிருக்கலாம். அவன் போகவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு, விழுந்த வேகத்தில் சட்டையிலிருந்து தெறித்துக் குரோட்டன்ஸ் செடிகளுக்குள் கிடந்த ஆர்க்கிட் துண்டை எடுத்து, பனியனுக்குள் ஒளித்துக்கொண்டு மாடியேறினான். பின்பக்கம் வாஷிங் மெஷினுக்குப் பின்னால், காலி பெயின்ட் டப்பா ஒன்றில் அதைப் போட்டான். மனைவி ஹெலினா கேட்டதற்கு, ஆபீஸில் ஒருவர் கொடுத்தார் என்றான். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொன்று வேண்டியிருந்தது.

தொடை எலும்பில் பிளேட் வைத்துத் தைத்தார்கள். பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு வாரம் காலைத் தரையில் ஊன்றக்கூடாது.

ரோஸி வேலைக்கு வந்துவிட்டாள். பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே ஹெலினாவிடம் பேசுவாள். பெனிட்டோ ஹாலில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பான். குழாய்த் தண்ணீர் சத்தத்தையும் தாண்டி ஒவ்வொரு சொல்லும் அவனுக்குக் கேட்கும்.

“சி பிளாக்ல ரெண்டு ஊட்ல நின்னுக்க சொல்ட்டாங்க கா. உன் புருசன் செடி திருட வந்தான், நீ உள்ள வந்து இன்னா எடுப்பியோன்னு. மூஞ்சிக்கு நேரா கேக்குறாங்க.”

“யாரு அப்படிச் சொன்னது?”

“யார் சொன்னா இன்னா. சோத்துக்கு வழி தேடிக்கலாம் கா. அந்த ஆளு திரும்ப குடிச்சான் பாரு, அதத்தான் தாங்க முடில. வேளாங்கண்ணில என் கையப் புடிச்சிகினு அழுதான், இனிமே தொட மாட்டேன்னு. மூணு வருசம். வெளிய நாலு பேராண்ட தலய நிமித்திகினு போனேன்.”

“அவர் என்ன சொல்றார் ரோஸி?”

“குடிக்கலன்றான். டாக்டரும் வாடை இல்லன்னாரு. அப்ப எதுக்கு ஏறுன, யாரு ஏறச் சொன்னான்னா வாயத் தொறக்க மாட்றான். குடிகாரன் கத வேற எப்பிடி கா இருக்கும்?” தண்ணீரை நிறுத்தினாள். “வேற யாராவது சொல்லியிருந்தா நம்பிருக்க மாட்டேன். உங்கூட்டு சாரே சொன்னாராமே. சாருக்கு பொய் சொல்ல இன்னா வந்துச்சு?”

பெனிட்டோ மடிக்கணினியை மூடினான். பிறகு திறந்தான். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றான்.

தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் கறி எடுப்பதில்லை. ஆனாலும் ஹெலினா ஒரு சனிக்கிழமை ஆவடி மார்க்கெட்டுக்குப் போய் ஆட்டுக்கால் வாங்கி வந்தாள். தீயில் வாட்டி, சுரண்டி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டாள். “எலும்பு கூடறதுக்கு நல்லது. நோயாளிக்குத்தானே, ஆண்டவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். ரோஸி வேலைக்குப் போயிருப்பா, நீங்க கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க,” என்று தூக்கை அவன் கையில் கொடுத்தாள்.

ஸ்டேஷனுக்குப் பின்புறம், ரயில்வே கேட்டைத் தாண்டினால் ஆறு வீடுகள் ஒரே வரிசையில் இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நடுவில் பொதுக்குழாய். மூன்றாவது வீட்டில் சத்தியராஜ் கட்டிலில் கிடந்தார். பங்குனி வெயில் கூரையிலிருந்து அப்படியே இறங்கியது. தலைமாட்டில் மேசை விசிறி. ஆளில் பாதி குறைந்திருந்தார்.

“இன்னா சார், நீங்களே எடுத்துகினு வந்துகீறீங்க? குந்துங்க. அந்த ஸ்டூலு ஒரு பக்கம் ஆடும், பாத்து.”

பெனிட்டோ சூப்பை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தான். அவர் ஊதிக் குடித்தார்.

“அக்கா கைமணம் சார். உப்புதான் கொஞ்சம் கம்மி. சொல்லாதீங்க.”

“வலி இருக்கா?”

“வலி இன்னா, கூடவே கீது. பழகிப்போச்சு. மல்லாக்கப் படுத்துகினு கூரையப் பாத்துகினு கீறேன். எத்தினி ஆணி அடிச்சிருக்கான்னு எண்ணிட்டேன். ஒண்ணுகூட நேரா அடிக்கல, பேமானி.”

பெனிட்டோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“செடி உயிரோட கீதா சார்?” என்றார் சத்தியராஜ்.

“இருக்கு.”

“இருக்கும். லேசுல சாவாது அது. தண்ணி இல்லன்னாலும் காத்துல கீற ஈரத்தப் புடிச்சிகினு பொழச்சிக்கும். அந்த செக்ரட்டரி புல்லுருவின்றாரு. புல்லுருவின்னா வேரக் கிளைக்குள்ள எறக்கி மரத்தோட பால உறிஞ்சும். நான் எத்தினி மரத்துல வெட்டிப் போட்டுகீறேன். இது அப்பிடி இல்ல சார். சும்மா மேல குந்திகினு கீது. மரத்தாண்ட ஒண்ணியும் கேக்காது.”

பெனிட்டோ தலையைக் குனிந்துகொண்டான். “சத்தியராஜ், நீ ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“நீங்கதான சொல்லாதன்னீங்க. சரின்னேன். சரின்னா சரிதான்.”

“ரோஸி நீ குடிச்சேன்னு நினைச்சுகிட்டிருக்கா.”

“தெரியும். மூணு வாரமா மூஞ்சி குடுத்துப் பேசல. சோறு போடுறா, மாத்தர குடுக்குறா, பெட்பேனு வெக்கிறா, எடுக்கிறா. ஒரு வார்த்த இல்ல.” டம்ளரைக் கீழே வைத்தார். “கால் ஒடஞ்சது உங்க தப்பு இல்ல சார். கயிறு இல்லாம ஏறுனது என் தப்பு. மரம் ஏறுறவன் நானு, எனக்குத் தெரியாதா? நீங்க சும்மா நின்னிருந்தீங்கன்னா எனக்கு ஒரு பேஜாரும் இல்ல. ‘இருக்கும்’னீங்களே. அதத்தான் படுத்துகினு யோசிச்சிகினே கீறேன்.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் பெனிட்டோவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

“நான் சொல்லிடுறேன்,” என்றான்.

“சொல்லுங்கன்னு நான் கேக்கல சார். உங்க இஷ்டம்.”

அன்றே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு நடந்தான். கேட் மூடியிருந்தது. சென்ட்ரல் போகும் வண்டி கடந்துபோகும்வரை, சொல்ல வேண்டியதை ஒரு முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தான். வீட்டில் ஹெலினா, “எப்படி இருக்கார்?” என்று கேட்டதும், “பரவாயில்ல,” என்றான். அதோடு அன்றைய தைரியம் முடிந்தது. திங்கட்கிழமை சங்கத்தின் வாட்ஸப் குழுவில் நாலு வரி எழுதினான், அழித்தான். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் எல்லோரோடும் முழங்கால் போட்டான். ‘என் பாவமே, என் பாவமே’ என்று மார்பில் தட்டும்போது கை மட்டும்தான் தட்டியது.

அடுத்த வாரம் ஒரு காலை, பின்பக்கத்திலிருந்து ஜெபாவின் குரல் கேட்டது.

“அப்பா, சீக்கிரம் வாங்க. செடி பூத்துருக்கு.”

போய்ப் பார்த்தான். மண் இல்லாத, வெளிச்சம் அதிகம் படாத அந்த டப்பாவில், இலைக்கு நடுவிலிருந்து ஒரு காம்பு நீண்டு ஐந்து பூக்கள் விட்டிருந்தன. மஞ்சளும் பழுப்பும் கலந்த இதழ்களில் வலை பின்னினாற்போல் கோடுகள். நடுவில் ஊதா நிறத்தில் ஒரு சின்ன நாக்கு. சோப்புத்தூள் வாசனைக்கு நடுவிலும் மெல்லிய இனிப்பு வாசனை வந்தது. டப்பாவின் பக்கத்தில் ரோஸி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் தண்ணீரை எடுத்து வேரின்மேல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“ரோஸி அக்காதான்பா டெய்லி ஊத்துறாங்க,” என்றாள் ஜெபா. “என்னையும் ஊத்த விடுவாங்க.”

ரோஸி கூச்சத்தோடு சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்துப் பல நாளாகியிருந்தது.

“மூலைல வாடிக் கெடந்துச்சு சார். பாவமா இருந்துச்சு. வேர் இப்பிடி வெளியவே கீதே, மண்ணு போடலாமான்னு அக்காவக் கேட்டேன். ஆபீஸ்ல குடுத்தது, சாரக் கேட்டுப் போடலாம்னாங்க. இன்னா செடி சார் இது? பூ இவ்ளோ அழகா கீது.”

மரத்துச் செடியைத் திருட ஏறினார் என்று பிறர் சொல்லக் கேட்டிருக்கிறாளே தவிர, அந்தச் செடியை அவள் அருகில் பார்த்ததில்லை. தன் வீட்டைக் குலைத்ததை மூன்று வாரமாகக் கையில் தண்ணீர் ஏந்திக் காப்பாற்றி வந்திருக்கிறாள். அவள் விரலிடுக்கில் சொட்டிக்கொண்டிருந்தது.

பெனிட்டோ துணி துவைக்கிற கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“ஹெலினா, இங்க வா,” என்றான். அவள் வந்து நின்றதும் ஜெபாவை உள்ளே அனுப்பினான். “இது ஆபீஸ்ல குடுத்தது இல்ல. நம்ம வாசல் மரத்துல இருந்தது. சத்தியராஜை ஏறச் சொன்னது நான்தான். கயிறு வேணாம்னதும் நான். யார்கிட்டயும் சொல்லாதன்னதும் நான்தான். அவர் குடிக்கல ரோஸி. குடிச்சிருப்பாரான்னு கேட்டப்போ, இருக்கும்னு சொன்னேன். பயத்துல சொன்னேன். பொய் சொன்னேன்.”

ஹெலினா சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். ரோஸி எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த ஈரத்தைச் சேலையில் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“நான் அந்த ஆள இன்னா பேச்சு பேசிட்டேன் தெரியுமா சார்,” என்றாள் கடைசியில். “படுத்த படுக்கையா கீறவன. மாதா படத்து மேல கைய வெச்சி சொல்லுன்னேன். வெச்சான். அப்பியும் நம்பல. நீங்க சொன்னீங்கன்னு.”

“தப்பு என்மேலதான்.”

“எங்க மேல எதுனா வந்தா நாங்க தாங்கிப்போம்னு நெனச்சீங்க. கரெக்டுதான். தாங்கிக்கினோம்.” எழுந்தாள். “கீழ எல்லாராண்டயும் சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

“பூ உதுந்துடறதுக்குள்ள சொல்லிடுங்க சார்.” அடுக்களைக்குப் போய், பாதியில் விட்ட பாத்திரங்களை முழுக்கத் துலக்கிக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

ஹெலினா அன்று முழுவதும் அவனிடம் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, “உங்க பேரை வெளிய சொல்லாம அவர் இத்தனை நாள் படுத்துக் கிடந்திருக்கார். அது தெரியாம சூப்பை உங்க கையிலயே குடுத்தனுப்பினேன்,” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஞாயிறு சங்கக் கூட்டம். பெனிட்டோ பெயின்ட் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். எந்த இடத்திலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தனக்கு ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிடுவோம் என்று பயந்தான்.

“தீர்மானத்தை எழுதினதே நீங்கதானே?” என்றாள் வர்ஷா. அவளால் நம்ப முடியவில்லை.

“ஆமா.”

“யாரும் தொடக்கூடாதுங்கிற வரியைத் திருத்தித் திருத்தி எழுதினீங்களே சார்.”

“ஆமாம்மா.”

யாரோ சிரித்தார்கள். சரவணக்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டு, துணைச் செயலாளர் பதவியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றார். பெனிட்டோ ராஜினாமாக் கடிதத்தை முன்பே எழுதி வைத்திருந்தான். மருத்துவச் செலவைத் தானே ஏற்பதாகவும், ரோஸியை நிறுத்திய வீடுகள் அவளைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டான். ஒரு வீடு கூப்பிட்டது. இன்னொன்று வேறு ஆள் போட்டுவிட்டதாகச் சொன்னது.

வர்ஷா அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போய், மரத்தின் அடிப்பக்கம், நிழல் விழும் இடமாகப் பார்த்துத் தேங்காய் நாரை வைத்துக் கட்டினாள். பெனிட்டோ கயிற்றைப் பிடிக்கப் போனான். “நானே கட்டிக்கிறேன்,” என்றாள்.

அன்று மாலை குடியிருப்பின் வாசலருகே அப்துல் ரசாக்கைப் பார்த்தபோது ஒதுங்கிப் போகத்தான் நினைத்தான். அவர் நிறுத்தினார். “டீ சாப்பிடுங்க சார்,” என்றார். இரண்டு பேரும் நின்றபடியே டீ குடித்தார்கள். இந்த உலகத்தை ஆண்டவர் இன்னும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது இப்படிப்பட்டவர்களை வைத்துத்தான் என்று பெனிட்டோவுக்குத் தோன்றியது.

அவமானம் கூட்டத்தோடு முடியவில்லை. லிஃப்டில் பேச்சு நின்றது. ஜெபாவின் தோழி ஒருத்தி, “உங்கப்பாவா செடி திருடினாரு?” என்று கேட்டாளாம். ஜெபா அழுதுகொண்டு வந்தாள். அவளை மடியில் வைத்துக்கொண்டு, ஆமாம், அப்பா தப்பு செய்தேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விட அதுவே கடினமாக இருந்தது.

பெரிய வியாழன் வந்தது. அன்று மாலைத் திருப்பலியில் பங்குத்தந்தை பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். அன்பியத்துக்கு ஒருவர். பெனிட்டோவின் பெயரைத் தவக்காலத் தொடக்கத்திலேயே கொடுத்திருந்தார்கள். அவன் சாமியாரிடம் போய், எடுத்துவிடுங்கள் என்றான். எல்லாவற்றையும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டிருந்தவர் அவர். “கால் கழுவறது தகுதியைப் பார்த்து இல்லப்பா. வந்து உக்காரு,” என்றார்.

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தான். ஆறரை மணிக்குப் பூசை தொடங்கியது. ‘உன்னதங்களிலே’ கீதம் பாடும்போது மணிகள் எல்லாம் சேர்ந்து ஒலித்தன. அந்தச் சத்தத்தில் திரும்பிப் பார்த்தான். பெண்கள் பக்கத்தில் ஹெலினாவும் ஜெபாவும் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் முக்காடிட்டு ரோஸி. ஏழு வாரத்தில் அவள் கோயிலுக்கு வருவது இதுதான் முதல் முறை. கோயில் வாசலில் ஹெலினாவிடம் அவள் சொன்னது அவன் காதில் விழுந்திருந்தது. “நீ போய்ட்டு வா, நான் இருந்துப்பேன்னு அதுதான் கா தொரத்தி வுட்டுச்சு. இப்பதான் ரெண்டு பேரும் பேசிக்கிறோம்.”

அப்படியானால் சத்தியராஜின் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

முதல் வாசகத்துக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது, பெனிட்டோ பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தான்.

ரயில்வே கேட்டுக்கு அப்பால், அந்த ஆறு வீட்டு வரிசையில் விளக்கு எரிந்தது சத்தியராஜ் வீட்டில்தான். மற்றவர்களும் கோயிலுக்கோ வேலைக்கோ போயிருந்தார்கள். கதவைத் தள்ளியதுமே நாற்றம் வந்தது.

“யாரு? உள்ள வராதீங்க,” என்றார் சத்தியராஜ். அவனைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “போங்க சார். மலச்சிக்கலுக்கு மருந்து குடுத்தான், தாங்கல. பெட்பேன எட்டி எடுக்கறதுக்குள்ள... எல்லாம் கலீஜா கீது. ரோஸி வந்துடுவா. நீங்க போங்க சார், உங்களுக்குப் புண்ணியமா போவுது.”

“ரோஸி வர இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஆகும்ணே.”

அந்த ‘அண்ணே’ அவன் யோசித்துச் சொன்னதில்லை. சத்தியராஜ் அசையாமல் கிடந்தார்.

பெனிட்டோ சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். வேட்டியை மடித்துக் கட்டினான். அடுப்பில் வெந்நீர் வைத்தான். கொடியிலிருந்து பழைய துணிகளை எடுத்து வந்தான். இதற்கு முன் மகளுக்குச் செய்திருக்கிறான். வளர்ந்த ஆணுக்குச் செய்ததில்லை. எப்படித் திருப்புவது என்று தெரியாமல் முதலில் தோளைப் பிடித்தான்.

“தோளப் புடிக்காதீங்க சார். இடுப்புக்கு கீழ கைய குடுங்க. அந்தக் காலு நேராவே இருக்கணும்.” குரல் சுவரைப் பார்த்தபடியே வந்தது.

அவர் சொன்னபடி செய்தான். ஒருக்களித்துத் திருப்பி, தலையணையால் முட்டுக்கொடுத்து, விரிப்பை உருவினான். துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து துடைத்தான். மறுபடி நனைத்தான். தையல் போட்ட இடத்தில் படாமல் சுற்றிச் சுற்றித் துடைத்தான். நாலு முறை தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. முதலில் மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்தான். பிறகு அது மறந்துபோயிற்று. முதுகில் படுக்கைப்புண் வரப்போகிற இடத்தில் பவுடர் போட்டான். கடைசியாக இரண்டு பாதங்களையும் துடைத்தான். மரம் ஏறாமல் கிடந்து கிடந்து உள்ளங்கால் மிருதுவாகத் தொடங்கியிருந்தது.

புது விரிப்பைப் போட்டு, லுங்கி மாற்றிவிட்டுப் படுக்க வைத்ததும் சத்தியராஜ் முகத்தைத் திருப்பினார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். பெனிட்டோவின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் வைத்திருந்தார். பிறகு விட்டார்.

“தண்ணி குடுங்க சார்,” என்றார்.

குடித்த சற்று நேரத்தில் அயர்ந்து தூங்கிவிட்டார்.

பெனிட்டோ அழுக்கு விரிப்பைப் பொதுக்குழாயடிக்குக் கொண்டுபோனான். யாரும் இல்லை. நிலா ஏறியிருந்தது. சோப்பு போட்டுக் கும்மி, மூன்று தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழிந்தான். வாளியைக் கழுவிக் கவிழ்த்தான். தரையைத் துடைத்தான். ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திச் செருகினான். விரிப்பைக் கொடியில் விரித்து, காற்றில் விழாதபடி இரண்டு பக்கமும் கிளிப் போட்டான்.

தூரத்தில் கோயிலிலிருந்து பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாகவே இருந்திருக்கும். எங்கே போனீர்கள் என்று ஹெலினா கேட்பாள். ஒரு வேலை இருந்தது என்று சொன்னால் போதும்.

சட்டையை மாட்டிக்கொண்டு கதவை மெல்லச் சாத்தினான். பாட்டு நின்று, பெண்கள் பேசிக்கொண்டு வரும் சத்தம் தெருமுனையில் கேட்பதற்கு முன்பே அவன் ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்தான். கொடியில் விரிப்பு சொட்டிக்கொண்டிருந்தது.